நீல ஹெரால்டின் புகை ரேகை

கோத்தகிரி மலைப்பாதையின் நான்காவது கொண்டை ஊசி வளைவில் மிருதுளா கியரை இரண்டுக்கு இறக்கி ஸ்டியரிங்கை ஒடித்தாள். அவளுடைய பழைய நீல ஹெரால்டு காரின் பின்பக்கம் லேசாக வெளியே வழுக்கி, பிறகு சொன்ன பேச்சைக் கேட்டு நேரானது.

"முப்பத்தெட்டு செகண்டு முன்னாடி இருக்கறோம்," என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த பரணி. அவள் கணவன். மலையோட்டத்தில் அவளுக்கு வழி சொல்பவனும் அவன்தான். மடியில் பாதைக் குறிப்பு, கையில் கடிகாரம், மூக்கையும் வாயையும் மூடிய வடிகட்டிக் கவசம். "அடுத்தது இடது, இறுக்கமான வளைவு. அதத் தாண்டி இருநூறு மீட்டர் நேர்ரோடு."

"நேர்ரோட்டுல மூணாவது போட்டுரட்டுங்களா?"

"வேண்டாம்னா கேக்கவா போற."

அவள் கேட்கவில்லை. பீளமேட்டில் ஒரு வாசனைப் பொருள் ஆலையில் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் வாசம் கலக்கும் வேலை மிருதுளாவுக்கு. வயது நாற்பத்தெட்டு. ஆலையில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. வருடத்தில் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் அவள் வேறொருத்தி. சட்டம் அவளுடைய வண்டிக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதில் ஒரு நிமிடத்தைக்கூட அவள் மெதுவாக ஓட்டியதில்லை.

நேர்ரோட்டின் பாதியில் எஞ்சினுக்குள் ஏதோ ஒடிந்தது. பெரிய சத்தமில்லை, காய்ந்த சுள்ளி முறிந்தது போல ஓர் ஓசை. பின்கண்ணாடியில் பார்த்தாள். நீல வண்டிக்குப் பின்னால் நீலப் புகை.

"பிஸ்டன் ரிங் போச்சுங்க," என்றாள்.

"மேல போயிரலாமா?"

"அதோ அந்த மூக்கத் தாண்டித்தான் போகணும்."

ஐம்பதடி முன்னால் சாலையோரத்தில் சாம்பல் நிறக் கம்பம் ஒன்று நின்றது. உச்சியில் நெல்லிக்காய் அளவில் விளக்கு. அரசாங்கம் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தது. மக்கள் அதை மூக்கு என்றுதான் சொன்னார்கள். மிருதுளா எஞ்சினை அணைத்தாள். புகை கம்பத்தை எட்டுவதற்குள் வண்டியைப் பின்னால் உருட்டி, சரிவில் குறுக்கே திருப்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

எஞ்சினே இல்லாமல் அவர்கள் மலையிறங்கினார்கள். டயர் சத்தமும் காற்றும் மட்டும். மூன்றாவது வளைவு, இரண்டாவது வளைவு. பிரேக் சூடேறி நாறியது. பரணி ஒரு கையால் கதவைப் பிடித்தபடி வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தான். அடிவாரத்துப் பாக்குத் தோப்பின் ஓரத்தில் வண்டி தானாக நின்றபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அடுத்து என்ன என்ற கேள்வி வந்தது.

அது 2058ஆம் ஆண்டு. காற்றுக் காப்புச் சட்டம் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. சாலையில் ஓடுவதெல்லாம் மின்சார வண்டிகள். பெட்ரோல் எஞ்சின் வைத்த பழைய கார்கள் மாநிலம் முழுக்க நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். அவற்றுக்கு மரபு அனுமதி என்று ஒன்று உண்டு. வருடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டலாம். டேஷ்போர்டில் முத்திரை வைத்த பெட்டி ஒன்று நிமிடங்களைக் கழித்துக்கொண்டே வரும்.

கம்பங்களுக்கு ஒவ்வொரு எஞ்சினும் தனித்தனியாகத் தெரியும். சிலிண்டர் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, வால்வு எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு ஆயில் சேர்ந்து எரிகிறது என்பதைப் பொறுத்து எஞ்சினுக்கு எஞ்சின் புகை மாறும். அதை முப்பத்தொரு கோடுகளாகப் பிரித்து ரேகை எடுத்து வைத்திருந்தார்கள். பதிவு செய்த அன்று எடுத்த ரேகையும் வருடாந்திரச் சோதனையில் எடுக்கும் ரேகையும் பொருந்த வேண்டும். பொருந்தினால் பச்சை விளக்கு. சிவப்பு எரிந்தால் எஞ்சினைக் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள்.

ஆறு வருடம் முன் பதிவு செய்த ஹெரால்டின் இந்த வருடச் சோதனைக்கு மூன்று வாரம் இருந்தது.

* * *

"ரிங்க மாத்துனா ரேகை மாறிரும். மாத்தாம விட்டா இன்னும் மோசமா மாறும். எப்படிப் பாத்தாலும் சிவப்புதானுங்க," என்றாள் மிருதுளா.

சென்னியப்பன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். பழைய வண்டிக்காரர் சங்கத்தின் செயலாளர் அவர். அறுபத்தைந்து வயது. துடியலூரில் அவர் வீட்டு முன்கொட்டகையில் வெள்ளை பியட் நின்றது. பானெட்டைத் திறந்தால் உள்ளே குழிதான். சென்ற வருடம் அவர் வால்வுகளைச் சரிசெய்தார், புகை பாதியாகக் குறைந்தது, ரேகை மாறியது, எஞ்சின் போனது.

"நான் கேட்டனுங்க அந்த ஆபீசர்கிட்ட," என்றார். "ஏனுங் தம்பி, புகையக் கம்மி பண்ணுனது குத்தமான்னு. ரூல் அப்படித்தான் இருக்குதுங்கய்யான்னுட்டாரு. நோவு வந்தா வைத்தியம் பாக்கக் கூடாது, நோவோடயே இருக்கோணும். அப்பத்தான் அது நம்ம வண்டின்னு ஒத்துக்குவாங்க. இப்படி ஒரு சட்டம்." உள்ளே போய் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய சிறிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். "ஹெரால்டு ரிங்கு ஒரு செட்டு இருக்குது. எனக்கு எதுக்கு இனி."

மிருதுளா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பியட்டின் வெற்றுக் குழியைப் பார்த்தபடி நின்றாள். இல்லாத பூவின் வாசத்தைச் செய்வதுதான் அவள் வேலை. மல்லிகை ஒன்றுகூட இல்லாமல் மல்லிகை செய்வாள். மழை பெய்த செம்மண் வேண்டும் என்று ஒரு சோப்புக்காரர் கேட்டார், நான்கு நாளில் செய்து கொடுத்தாள். மூக்கால் பாதி, ஆலையின் பகுப்பாய்வு எந்திரத்தால் பாதி.

"ஐயா, முப்பத்தொரு கோடுதானே?" என்றாள்.

"ஆமா."

"ஒரு மல்லிகைக்குள்ள இருநூறு கோட்டுக்கு மேல இருக்குதுங்க."

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

* * *

வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது. சென்னியப்பனும் அவளுமாகப் புது ரிங்குகளை மாட்டினார்கள். கார் நின்றது வடவள்ளியில் அவள் வீட்டுக்குப் பக்கவாட்டுக் கொட்டகையில். தெருமுனையிலேயே ஒரு கம்பம் இருந்தது. அதனால் கதவிடுக்குகளில் ஈரத் துணி அடைத்து, சைலன்சர் முனையில் பெரிய ரப்பர் பை ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி மட்டும் எஞ்சினை ஓட்டினார்கள். பெட்டியில் அந்த வருடத்துக்கு மிச்சம் ஒரு மணி பத்து நிமிடம். அதில் கால் மணி நேரம் சோதனைக்கு வேண்டும்.

நிறைந்த பையை ஆலைக்குக் கொண்டுபோய் எந்திரத்தில் விட்டுப் பார்ப்பாள். முதல் பை கிட்டத்தட்ட வெற்றாக வந்தது. முப்பத்தொரு கோடுகளில் நான்கே நான்கு, அதுவும் மயிரிழையாக. புது ரிங் ஒரு காரணம். பழைய டிரம்மில் கிடந்த பெட்ரோலை அவளே ஆலையில் வடித்துச் சுத்தம் செய்திருந்தது இன்னொரு காரணம். உதவாது என்று அந்தத் தாளை மேசைக்குள் போட்டாள். பிறகு, பதிவுச் சான்றிதழிலிருந்த பழைய ரேகையைப் பார்த்துப் பார்த்து, அது வரும்படி பெட்ரோலில் அழுக்கைக் கலக்க ஆரம்பித்தாள்.

எரிந்த ஆயில். மண்ணெண்ணெய் நாலு சொட்டு. வார்னிஷ். பதினோராவது பையில் இருபத்தைந்து கோடுகள் வந்தன. பதினாறாவதில் இருபத்தொன்பது. தூக்கம் குறைந்தது, சாப்பாடு மறந்தது. காலையில் பல் துலக்கும்போதுகூட மனசுக்குள் சொட்டுக் கணக்கு ஓடியது. இருபதாவது பையில் முப்பது. ஒரே ஒரு கோடு மட்டும் பிடி கொடுக்கவில்லை.

எந்திரத்துக்குத் தெரியாததை அவள் மூக்கு கண்டுபிடித்தது. கழற்றி வைத்த பழைய சைலன்சர் குழாய்க்குள் முகத்தை நுழைத்து மூச்சை இழுத்தபோது, புகைக்கும் எண்ணெய்க்கும் அடியில் வேறேதோ ஒன்று. மரம் மாதிரி, ஆனால் மரமில்லை.

"தக்கை," என்று கத்தினாள். "ஐயா, கருகுன தக்கை. பழைய கேஸ்கட்டு தக்கையில செஞ்சதுங்க."

சென்னியப்பன் அப்போதே ஒரு சீசாவின் தக்கை மூடியைப் பிடுங்கினார்.

இருபத்திரண்டாவது பைக்கு அன்று பரணி வந்து கை கொடுத்தான். சென்னியப்பனுக்கு வீட்டில் விருந்தாளிகள். பரணி இந்த வேலைக்கு வர வேண்டியதில்லை, வந்திருக்கவே கூடாது. இருபது வருடத்துக்கு முன், காற்று மிகக் கெட்டிருந்த காலத்தில், அவன் தினமும் ஸ்கூட்டரில் திருப்பூர் போய்வந்தவன். நுரையீரலில் ஒரு பகுதி அப்போதே போய்விட்டது. கம்பங்கள் வந்த பிறகுதான் ராத்திரி படுத்துத் தூங்க முடிந்தது என்று அவனே சொல்லுவான். கவசம் போட்டுக்கொண்டுதான் பையைப் பிடித்தான்.

முப்பதாவது விநாடியில் பை வெடித்தது.

கொட்டகை ஒரே நொடியில் கறுத்தது. எஞ்சினை அணைத்துவிட்டாள். கண் எரிந்தது. பை வெடித்த வேகத்தில் பரணியின் கவசம் நழுவிக் கீழே விழுந்திருந்தது. அவன் தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்தான், அல்லது அவள் திறந்தாள், பிறகு யோசித்தபோது அது அவளுக்கு நிச்சயமாக ஞாபகமில்லை. புகை மொத்தமும் தெருவுக்குப் பாய்ந்து, காற்றில் மிதந்து, நேராகத் தெருமுனைக் கம்பத்தை நோக்கிப் போனது.

மிருதுளா ஓடிப்போய் வாசலில் நின்றாள். கம்பத்தின் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. யோசிப்பது போல் நின்றது. பிறகு பச்சையாக எரிந்தது.

பச்சை. புது ரிங் மாட்டிய எஞ்சின், வேறு பெட்ரோல், ஆனால் கம்பம் அதைப் பழைய ஹெரால்டு என்று நம்பிவிட்டது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி, தெருவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் குதித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

பரணி கொட்டகை வாசலில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாக இருந்தது.

* * *

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனால் பேச முடிந்தது. மூக்கில் குழாய் இருந்தது.

"பச்சையா எரிஞ்சுது?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள்.

"முதல்ல என்னப் பாத்தியா, கம்பத்தப் பாத்தியா?"

பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "கம்பத்தங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமலாகிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "அந்தப் புகை நெசமாவே நம்ம பழைய வண்டிப் புகைதான் மிருது. அதே நெடி. ஆறு வருசமா கவசம் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல உக்காந்திருந்ததால எனக்குத் தெரியல, அவ்வளவுதான். நீ புதுசா ஒண்ணும் விஷம் செய்யல."

அந்தச் சொல் அவளை அடித்ததுபோல் வேறெதுவும் அடித்திருக்க முடியாது. அவன் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னான்.

"சோதனைக்குப் போக வேண்டாங்க. எஞ்சினக் குடுத்துரலாம்."

"போ," என்றான் பரணி. "அங்க போயி என்ன பண்ணணும்னு உனக்குத் தோணுதோ அதப் பண்ணு. நானும் வருவேன்."

* * *

சிங்காநல்லூர்ப் பக்கம் காற்றுக் காப்புத் துறையின் சோதனை மைதானம். காலை பத்து மணி வெயில். தார் போட்ட நேர்பாதையில் ஒரே ஒரு கம்பம். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் பெயர் தாரிக். சென்னியப்பனின் எஞ்சினை எடுத்தவர் அவர்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒட்ட வெட்டிய தாடி, எதற்கும் உயராத குரல்.

மிருதுளாவின் வண்டியில் இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் தக்கையும் ஆயிலும் கலந்த பெட்ரோல். இன்னொன்றில் சுத்தமானது. கடைசி நிமிடம் வரை முடிவு செய்யவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டதும் கை தானாக அழுக்குக் கேனை எடுத்தது. பன்னிரண்டு மணி நேரத்தை இழக்க அந்தக் கைக்கு மனசு வரவில்லை.

ஓட்டினாள். பரணி தூரத்தில், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றான். விளக்கு பச்சையாக எரிந்தது. சங்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். தாரிக் மட்டும் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"உக்காருங்க மேடம். இது வரைக்கும் எத்தனை வண்டி பாஸ் பண்ணியிருக்கேன் தெரியுங்களா? முன்னூறுக்கு மேல. பொருத்தம் தொண்ணூத்தஞ்சு வந்தாப் போதும். நல்லா வெச்சிருக்கற வண்டி தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு வரும். எஞ்சின்னா தேயுமில்லீங்களா. வருசா வருசம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்."

"என்னுது எவ்வளவுங்க?"

"நூறு." திரையை அவள் பக்கம் திருப்பினார். முப்பத்தொரு கோடுகளும் பழைய கோடுகளின் மேல் ஒட்டி நின்றன, பிசிறில்லாமல். "ஆறு வருசத்துல என் மூஞ்சியே மாறிப்போச்சு. உங்க எஞ்சின் ஒரு நாள்கூட வயசாகாம இருக்குது."

மிருதுளா குனிந்து திரையைப் பார்த்தாள். நல்ல வாசம் கலப்பவர்கள் எப்போதும் கொஞ்சம் பிசிறு விடுவார்கள். பூவில் எதுவும் அவ்வளவு சரியாக இருக்காது. அதை அவளே புதிதாக வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே அதை மறந்துவிட்டாள்.

"என்கிட்ட நிரூபணம் ஒண்ணுமில்ல," என்றார் தாரிக். "மெஷின் பாஸ்னு சொல்லுது. கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க போலாம்." கையெழுத்தும் போட்டார். "ஆனா இந்த ரூல் ஏன் வந்துச்சுன்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க. ஆரம்பத்துல ஒரே அனுமதிய வெச்சுக்கிட்டு மூணு வண்டி ஓட்டுனாங்க. எஞ்சின மாத்தி மாத்திப் போட்டாங்க. அத நிறுத்தத்தான் ரேகை பொருந்தணும்னு வந்துச்சு. அப்புறம் பட்டறைக்காரங்க, ஜெனரேட்டர்காரங்க, எல்லாரையும் இந்த ரேகைய வெச்சுத்தான் பிடிச்சோம். ரேகைய ஒருத்தர் செய்ய முடியும்னா, நாளைக்கு எவனோ ஒருத்தன் உங்க வண்டி பேர்ல ராவும் பகலும் ஜெனரேட்டர் ஓட்டுவான். கம்பம் பச்சை காட்டிக்கிட்டே இருக்கும்."

கையெழுத்திட்ட அனுமதி மேசைமேல் இருந்தது. அவள் அதை எடுக்கலாம். எடுத்தால் எல்லாம் முடிந்தது. தூரத்தில் பரணி வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

அவளைப் பேச வைத்தது குற்ற உணர்வு மட்டுமல்ல என்பதைப் பிற்பாடு அவளே ஒப்புக்கொள்வாள். ஆலை மேசைக்குள் போட்ட அந்த முதல் தாளும்தான். நான்கே மெல்லிய கோடுகள், ஏறக்குறையப் புகையே இல்லாத எஞ்சின். அவள் செய்ததிலேயே சிறந்ததை யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் காட்டவும் முடியாது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் செஞ்சேன்," என்றாள். "தக்கையிலிருந்து ஆயில் வரைக்கும் எல்லாம். எழுதிக்கோங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ என் கூட வண்டியில வரணும் நீங்க."

"எதுக்குங்க?"

"டேங்கக் காலி பண்ணிட்டு வேற பெட்ரோல் ஊத்தறேன். பெட்டியில இன்னும் முப்பத்தெட்டு நிமிசம் இருக்குது."

தாரிக் பதினோரு வருடமாக எஞ்சின்களைப் பிடித்தவர். ஒன்றில்கூட உட்கார்ந்து போனதில்லை. இடப்பக்க இருக்கையில் ஏறி, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தேடினார். மிருதுளா எஞ்சினை ஐந்து நிமிடம் அப்படியே உறும விட்டாள், பழைய அழுக்கு போகும் வரை. பிறகு மைதானத்துக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்தாள்.

விளக்கு எரியவில்லை. பச்சையுமில்லை, சிவப்புமில்லை.

"கம்பம் ரிப்பேரா?" என்றார் தாரிக்.

"வெளிய இருக்கற கம்பத்தையும் பாத்துரலாங்க."

மைதானத்தின் வாசலைத் தாண்டித் திருச்சி சாலையில் இறங்கினாள். மின்சார வண்டிகளின் ஓசையற்ற வரிசைக்கு நடுவில் ஹெரால்டு முழங்கிக்கொண்டு போனது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கம்பம் இருட்டாக இருந்தது. இரண்டாவதும் இருட்டு. அவள் மூன்றாவது கியரைப் போட்டாள். தாரிக்கின் கையிலிருந்த புகை அளக்கும் கருவியும் ஊமையாகவே இருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்த்தார், குலுக்கினார், பிறகு மடியில் வைத்துவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சூலூர் வரை பதினேழு கம்பங்கள். பதினேழும் அந்த வண்டியைப் பார்க்கவில்லை. பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் முழுக் குரலெடுத்தபோது அதிகாரி சிரித்துவிட்டார், வயிற்றில் கூச்சம் காட்டியதைப் போல.

திரும்பி வந்ததும் அவர் பின்பக்கம் போய்ச் சைலன்சருக்கு அருகே குனிந்து மூச்சிழுத்தார். பரணியும் வந்து பக்கத்தில் குனிந்தான். மிருதுளா பதறி அவன் தோளைப் பிடித்தாள். அவன் கையை விலக்கிவிட்டான்.

"சூடா இருக்குது. அவ்வளவுதான்," என்றான்.

தாரிக் கையெழுத்திட்ட அனுமதியை இரண்டாகக் கிழித்தார். "எல்லாத்தையும் எழுதப் போறேன் மேடம். செஞ்சதையும் எழுதுவேன், இதையும் எழுதுவேன். ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுத எனக்குத் தெரியாது."

"எழுதுங்க," என்றாள்.

* * *

விசாரணை நான்கு மாதம் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து கொட்டகையைப் பார்த்தது, பைகளைப் பார்த்தது, கலவையின் குறிப்பை முத்திரை வைத்து எடுத்துப் போனது. ரேகையைப் போலியாகச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு, ரேகை பொருந்த வேண்டும் என்ற விதிக்கு அர்த்தமில்லாமல் போனது. புது விதி எளிமையானது. ஒவ்வொரு எஞ்சினிலும் எண் பொறித்த முத்திரை. புகை எப்படி வேண்டுமானாலும் மாறலாம், சென்ற வருடத்தைவிட அதிகமாகக் கூடாது. நோவுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று சென்னியப்பன் அதை மொழிபெயர்த்தார். அவருடைய எஞ்சின் ஒரு மரப்பெட்டியில் திரும்பி வந்தபோது தெருவே கூடியது.

பன்னிரண்டு மணி நேரம் பன்னிரண்டாகவே இருந்தது. அதை யாரும் கூட்டவில்லை.

மிருதுளாவுக்குத் தண்டனையும் வந்தது. மூன்று வருடம் அவள் எஞ்சின் வண்டி எதையும் ஓட்டக் கூடாது. உத்தரவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் தாரிக்தான். "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. தடை உங்களுக்குத்தான்," என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போது அவர் பரணியைப் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

அடுத்த மலையோட்டத்தன்று காலை மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. நீல ஹெரால்டின் ஓட்டுநர் இருக்கையில் பரணி உட்கார்ந்திருந்தான். முகத்தில் கவசம் இல்லை. இடப்பக்கம் மடியில் பாதைக் குறிப்போடு மிருதுளா. கொடி விழுந்ததும் கிளட்சை அவன் விட்ட விதத்தில் வண்டி தவளை மாதிரி குதித்து நின்றுபோனது. பின்னால் பியட்டிலிருந்து சென்னியப்பன் ஹாரன் அடித்தார். இரண்டாவது முறை கிளம்பியது.

முதல் வளைவுக்கு அவன் மிக மெதுவாகத் திரும்பினான். இரண்டாவதில் அவ்வளவு மெதுவாக இல்லை. மூன்றாவது வளைவுக்கு முன் நேர்பாதையில் அவன் மிதியை அமுக்கினான், அமுக்கிக்கொண்டே இருந்தான். பள்ளம் அவள் பக்கத்துக் கண்ணாடியில் மர உச்சிகளுக்குக் கீழே சரிந்தது. மிருதுளா தன்னையறியாமல் கதவின் கைப்பிடியைப் பற்றினாள். இல்லாத பிரேக்கை அவள் வலது கால் தரையில் தேடியது.

"பயமா இருக்குதா?" என்றான் பரணி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க."

"எனக்கும் ஆறு வருசமா அப்படித்தான் இருந்துச்சு," என்றான். "வளைவு எந்தப் பக்கம், சொல்லு."